தொடர்ச்சி பார்ப்பவள்

மெர்ல் வான்சுராவைப் பற்றி
நான் முதலில் எழுதிய வரி இது:
"மதுக்கடைக்காரர். துணி இடக்கையில்.
குவளை முக்கால்வாசி துடைத்தாயிற்று."
ஷாட் மாறினால் கை மாறிவிடக் கூடாது.
அதைப் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.
பர்பாங்க்கில் இருபத்தாறு வருஷம்,
மடியில் பலகை, காதோரம் பென்சில்.
பென்சில் என்றுதான் அவர் என்னைக் கூப்பிட்டார்.

அயோவாவில் ஓட்ஸ் ஆலைக்காரர் ஒருவரின் மகன்.
காற்று எந்தப் பக்கம் அடித்தாலும்
ஊரே கஞ்சி மணக்கும் என்பார்.
முப்பது வயதில் ஐம்பது வயது முகம்.
"ஐம்பது வரட்டும் என்று காத்திருந்தேன், பென்சில்.
வந்தபோது எழுபது கேட்டார்கள்."

ஷெரீஃபின் உதவியாள். நீதிமன்றச் சேவகன்.
ரயில் தாமதம் என்று சொல்வதற்கு மட்டும் வருகிறவன்.
சவப்பெட்டி விற்பவன், இரண்டு தடவை பாதிரியார்.
நாற்பத்தொரு முறை செத்தார்.
எண்ணியவள் நான்.
பெரும்பாலும் கதை சூடு பிடிப்பதற்கு முன்பே:
குதிரையிலிருந்து, மாடியிலிருந்து,
ஒரு தடவை சூப் கிண்ணத்தில் முகம் கவிழ்ந்து.
ஆறிப்போன சூப். ஏழு டேக்.
ஏழிலும் ஒரே பக்கமாகக் கவிழ்ந்தார்,
என் ரப்பருக்கு வேலை வைக்காமல்.

ஐம்பத்தெட்டில் ஒன்பது நாள்
அவர்தான் கதாநாயகன்.
அந்த வேஷத்துக்கு வந்த அழகன்
குதிரையேறத் தெரியும் என்று பொய் சொல்லி
இடுப்பை ஒடித்துக்கொண்டான்.
தைத்து வைத்த சட்டைகள்
மெர்லுக்கு மட்டும் பொருந்தின.
வேறு காரணம் கிடையாது.

முதல் க்ளோஸப்.
விளக்குகளை அவர் பக்கம் திருப்பியதும்
ஓரடி ஒதுங்கி நின்றார்
பின்னால் வருகிற யாருக்கோ வழி விடுவதுபோல.
பின்னால் யாரும் வரவில்லை.
லைட்பாய்கள் சிரித்தார்கள், அவரும்தான்.

நான்காம் நாள், சமையலறைக் காட்சி.
போய் வருகிறேன், காத்திருக்காதே என்று
அவளிடம் அவர் சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.
அவள் சாப்பிட்ட மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை
ஒவ்வொன்றாக விரலால் ஒற்றி எடுத்து
உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு வெளியே போனார்.
வசனம் விட்டுப்போனால் நான் கையுயர்த்த வேண்டும்.
என் கை மடியிலேயே கிடந்தது.

பத்தாம் நாள் காலை
பணம் போட்டவர்கள் கதவைப் பூட்டினார்கள்.
ஃபிலிமை வெள்ளிக்காக உருக்கிவிட்டதாகக் கேள்வி.
அடுத்த திங்களே
அவர் வேறொரு மதுக்கடையில் நின்றார்.
துணி, இடக்கை, எழுதினேன்.
"அன்றைக்கு அந்தத் துணுக்குகள்..." என்று ஆரம்பித்தேன்.
"வலக்கை" என்றார், குவளையிலிருந்து கண்ணெடுக்காமல்.
"நீ எழுதியிருப்பாய்."

பிறகு டெலிவிஷன்.
வான் நைஸில் ஒற்றைப் படுக்கையறை, ஒரு எலுமிச்சை மரம்.
இரும்புக்கடையில் ஆணி எடை போடுகிறவன்
நீங்கள் என் பல் டாக்டர்தானே என்று கேட்டால்
ஆமாம் என்று சொல்லி
கடைவாய்ப் பல்லை நலம் விசாரித்துவிட்டு வருவார்.

நாற்பத்திரண்டாவதை நான் பார்க்கவில்லை.
குடியிருப்பின் காவலாளி போன் செய்தான்,
மேஜர் பின்க்னி என்று பெயர், மேஜர் என்பது பட்டமல்ல.
எந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தார் என்று கேட்டேன்.
என்ன கேட்கிறீர்கள் என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.

மறு ஒளிபரப்புக் காசோலைகள் இன்னும்
அயோவாவில் தங்கை லுட்மிலாவுக்குப் போகின்றன.
போன மாதம் பதினோரு சென்ட்.
உறைமேல் ஒட்டிய தபால்தலை அதைவிட விலை.
வங்கியில் போடாமல் ஜாடியில் போட்டு வைக்கிறாள்.

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது.
காட்சி அறுபத்தொன்று, டேக் ஒன்று.
துணுக்குகள்: வலக்கை.
கதவு: பாதி திறந்தபடி.
வசனம் என்று அச்சிட்ட கட்டத்தில்
என் கையெழுத்தில், அழித்த தடமில்லாமல்,
"சரியாகச் சொன்னார்."